குதிரைகளில் அரிய கட்டிகள்: நோயறிதல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரைக்கு வரும் கட்டிகளில் எது சகஜம், எது அரிது?

பெரும்பங்கு மூன்றே வகைதான். முதலாவது சார்காய்டு. தோலில் வருவது, மாடுகளுக்கு மரு உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸோடு தொடர்புடையது. 1936-இல் தென்னாப்பிரிக்காவில் ஜாக்சன் என்பவர் இதைத் தனி நோயாக விவரித்தார். இரண்டாவது மெலனோமா, அதாவது நிறமி அணுக்களின் கட்டி. பிறக்கும்போது கருமையாகவோ பழுப்பாகவோ இருந்து, வயதாக ஆக வெளுத்துப்போகும் குதிரைகளுக்கு வருவது. இந்த வெளுப்புக்கும் மெலனோமாவுக்கும் பின்னால் இருப்பது எஸ்டிஎக்ஸ்17 மரபணுவில் உள்ள ஒரே மாற்றம் என்பது 2008-இல் வெளியானது. மூன்றாவது ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது தோலையும் உள்சவ்வையும் மூடும் தட்டை அணுக்களின் புற்று. கண்ணின் மூன்றாம் இமை, ஆண்குறி, யோனி வாய் போன்ற இடங்களில் வரும்.

மீதி எல்லாமே ஏறக்குறைய அரிது என்று சொல்லிவிடலாம். ஆனால் இடத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஸ்குவாமஸ் செல் கார்சினோமா கண்ணில் வந்தால் சகஜம், இரைப்பையில் வந்தால் அரிது. வெளுத்த குதிரையின் வாலடியில் மெலனோமா இருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அதுவே செம்பழுப்புக் குதிரையின் காலில் வந்தால் அரிது, கூடவே ஆபத்தும் அதிகம். வெளுக்காத குதிரைகளின் மெலனோமா பரவும் குணம் கொண்டதாக இருக்க வாய்ப்பு கூடுதல்.

உடம்பில் ஒரு உருண்டை தெரிகிறது. அரிய கட்டியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் அது கட்டிதானா என்று பார்க்க வேண்டும். குதிரையின் தோலில் உருண்டை என்றால் பாதி நேரம் அது புற்றுநோயே இல்லை. காயம் ஆறும்போது மிகையாக வளரும் சதை, ஈக்கள் கொண்டுவந்து விடும் ஹாப்ரோனீமா புழுப் புண், இயோசினோபில் என்ற வெள்ளையணுக்கள் கூடி உண்டாகும் கடினமான முடிச்சு, பித்தியம் என்ற நீர்வாழ் உயிரி உண்டாக்கும் புண், சீழ்க்கட்டி எல்லாமே கட்டி வேடம் போடும். நிணநீர் நாளங்களின் வழியே வரிசையாக முடிச்சுகள் வந்து உடைந்தால் சுரப்பி நோயை, அதாவது கிளாண்டர்ஸை, நினைத்தே ஆக வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும், அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். அந்தச் சந்தேகம் நீங்கும்வரை கையுறை இல்லாமல் தொடாதீர்கள், மாதிரி எடுக்கவும் அவசரப்படாதீர்கள்.

மருத்துவரை அழைக்கும்போது நான்கு தகவல் தயாராக இருந்தால் வேலை பாதி முடிந்தது: எப்போது முதலில் பார்த்தீர்கள், எவ்வளவு வேகத்தில் வளர்ந்தது, இதற்கு முன் என்ன மருந்து போட்டீர்கள், வேறு எங்காவது இருக்கிறதா. பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. "கொஞ்சம் பெரிசான மாதிரி இருக்கு" என்பதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது.

வெளியே ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் குதிரை இளைத்துக்கொண்டே போகிறது. உள்ளே கட்டி இருக்குமா?

இருக்கலாம். ஆனால் வரிசையில் அது கடைசிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். பல், குடற்புழு, தீவனம், நாள்பட்ட தொற்று, கல்லீரல், சிறுநீரகம் என்று முதலில் பார்க்க வேண்டியவை நிறைய உண்டு. உள்ளுறுப்புக் கட்டிகளின் அறிகுறிகள் எல்லாம் பொதுவானவை: எடை குறைவு, சோர்வு, விட்டு விட்டு வரும் காய்ச்சல், அடிவயிற்றிலோ மார்பின் அடியிலோ நீர் கோர்த்த வீக்கம், திரும்பத் திரும்ப வரும் லேசான வயிற்றுவலி. நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தும் போகாமல், கிருமி வளர்ப்புச் சோதனையில் எதுவும் வளராமல், வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சல் இருந்தால் லிம்போமாவையும் (நிணநீர் அணுக்களின் புற்று) பட்டியலில் எழுதிக்கொள்வது வழக்கம்.

இங்கே குதிரையின் உடலமைப்பே பெரிய தடை. மலக்குடல் வழியாகக் கைவிட்டுப் பார்த்தால் வயிற்றின் பின்பகுதி மட்டும்தான் எட்டும். இரைப்பை, கல்லீரல், சிறுகுடலின் பெரும்பகுதி எல்லாம் கைக்கு வராது. பெரிய குதிரையின் வயிறு சி.டி. எந்திரத்தின் வளையத்துக்குள்ளேயே போகாது. ஆகவே அல்ட்ராசவுண்ட், எண்டோஸ்கோப், வயிற்று நீர், ரத்தம் என்று துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் படத்தை உருவாக்க வேண்டியிருக்கிறது.

ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடாதா?

பெரும்பாலும் தெரியாது. ரத்தசோகை, ஃபைப்ரினோஜென் என்ற அழற்சிப் புரதத்தின் உயர்வு, அல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் குறைவு எல்லாம் உள்ளே ஏதோ நடக்கிறது என்று சொல்லும், என்ன நடக்கிறது என்று சொல்லாது. லிம்போமா உள்ள குதிரைகளில்கூட ரத்தத்தில் புற்றணுக்கள் தெரிவது சிலவற்றில்தான். வெள்ளையணு எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்பதற்காக லிம்போமாவைத் தள்ளிவிடக் கூடாது. இம்யூனோகுளோபுலின் எம் என்ற எதிர்ப்பொருள் குறைந்திருந்தால் லிம்போமா என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அது நம்பத்தகுந்த சோதனை இல்லை என்பது பின்னர் தெரிந்துவிட்டது.

சில முடிவுகள் மட்டும் உண்மையிலேயே வழிகாட்டும். மொத்தப் புரதம் மிக அதிகமாக இருந்து, மின்புல முறையில் புரதங்களைப் பிரிக்கும்போது ஒற்றைக் கூர்முனையாக எழுந்தால் மல்டிபிள் மைலோமாவை (எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா அணுக்களின் புற்று) நினைக்க வேண்டும். குளுக்கோஸ் காரணமில்லாமல் மீண்டும் மீண்டும் இறங்கினால் கல்லீரல், சிறுநீரகம், கணையம் ஆகியவற்றின் கட்டிகளைத் தேட வேண்டும்.

கால்சியம் கூடுதல் என்று அறிக்கை வந்தது. புற்றுநோய்தானா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாய், பூனை பார்த்துப் பழகிய மருத்துவர்கள்கூட இதில் தடுமாறுவது உண்டு.

குதிரையின் ரத்தத்தில் கால்சியம் இயல்பிலேயே மற்ற வீட்டு விலங்குகளைவிடக் கூடுதல். தீவனத்திலிருந்து தேவைக்கு மேல் உறிஞ்சிக்கொண்டு, மிஞ்சியதைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுவது அதன் பழக்கம். அதனால் சிறுநீரகம் பழுதானால் கால்சியம் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறும். எனவே முதலில் பார்க்க வேண்டியது கிரியேட்டினின், யூரியா, சிறுநீரின் அடர்த்தி.

சிறுநீரகம் நன்றாக இருந்தும் கால்சியம் ஏறியிருந்தால் கதை மாறுகிறது. லிம்போமா, இரைப்பையின் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா போன்றவை, ரத்தக் கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் ஒரு புரதத்தைச் சுரக்கலாம். அப்போது உண்மையான பாராதைராய்டு ஹார்மோன் தாழ்ந்தும், அந்தப் போலிப் புரதம் உயர்ந்தும் இருக்கும். இரண்டையும் ஒரே ரத்த மாதிரியில் அளப்பது நல்லது. கால்சியத்தோடு பாஸ்பரஸும் சேர்ந்து ஏறியிருந்தால், புற்றுநோய்க்கு முன்னால் வைட்டமின் டி நச்சைத் தேடுங்கள். சில களைச்செடிகளும் தவறாகக் கலந்த தீவனமும் அதைச் செய்யும்.

ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பதா, சதையை வெட்டி எடுப்பதா?

இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்பவை. மெல்லிய ஊசியால் உறிஞ்சினால் தனித்தனி அணுக்கள் கிடைக்கும். வட்ட அணுக்கட்டிகளான லிம்போமா, மாஸ்ட் செல் கட்டி, கறுப்பு நிறமியோடு வரும் மெலனோமா ஆகியவற்றுக்கு அது பல சமயம் போதும். சீழா கட்டியா என்று பிரிக்கவும் உதவும். சார்காய்டு போன்ற நார்த்திசுக் கட்டிகள் ஊசிக்கு அணுக்களை எளிதில் விட்டுக்கொடுக்காது. "அணுக்கள் போதவில்லை" என்று அறிக்கை வரும்.

பெயர் தெரியாத கட்டி என்றால் திசுத்துண்டு தேவை. கட்டியின் அமைப்பு, பக்கத்துத் திசுவுக்குள் அது எப்படி ஊடுருவுகிறது, அணுப்பிரிவு எவ்வளவு என்பதெல்லாம் துண்டில்தான் தெரியும். புண்ணாகி அழுகிய மேற்பரப்பிலிருந்து எடுத்தால் கிடைப்பது அழற்சி மட்டும்தான். நடுப்பகுதி செத்துப்போயிருக்கலாம். ஓரத்தில், நல்ல திசுவும் கட்டியும் சந்திக்கும் இடத்தில் ஆழமாக எடுப்பதும், ஒன்றுக்குப் பதில் இரண்டு மூன்று இடங்களில் எடுப்பதும் நல்ல பலன் தரும்.

பயாப்ஸி (திசுத்துண்டு) எடுத்தால் கட்டி கிளர்ந்து வளரும் என்கிறார்களே?

சார்காய்டு விஷயத்தில் இந்தப் பயம் வெறும் கட்டுக்கதை இல்லை. அமைதியாகத் தட்டையாக இருக்கும் சார்காய்டு, வெட்டுப்பட்டதும் சதைப்பிண்டமாகக் கிளம்புவது உண்டு. ஆகவே தோற்றத்திலேயே சார்காய்டு என்று அனுபவமுள்ள கண்ணுக்குத் தெரிந்தால் துண்டெடுக்காமல் விடலாம், அல்லது முடிந்தால் முழுதாக அகற்றி அதையே அனுப்பலாம். மேற்பரப்பைத் துடைத்தோ சுரண்டியோ எடுத்து வைரஸின் டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். சோதனையும் இருக்கிறது.

மற்றக் கட்டிகளுக்கு இதே பயத்தை நீட்டுவது சரியில்லை. பெயர் தெரியாமல் அறுவைக்குப் போனால், எவ்வளவு அகலமாக வெட்ட வேண்டும் என்பதே தெரியாது. பாதி வெட்டிய கட்டி திரும்ப வரும்போது முன்பைவிடச் சிக்கலாக வரும். உண்மையான ஆபத்து வேறு: மூக்குக்குள்ளும் கல்லீரலிலும் மாதிரி எடுக்கும்போது ரத்தக்கசிவு. அதற்கு முன்னால் ரத்தம் உறையும் திறனைப் பார்த்துவிட வேண்டும்.

மாதிரி ஆய்வகத்துக்கு எப்படிப் போக வேண்டும்?

10 சதவீத நடுநிலை ஃபார்மலினில், திசுவைப் போல் பத்து மடங்கு அளவு திரவத்தில். துண்டு 1 செ.மீ.க்கு மேல் தடிமனாக இருந்தால் உள்ளே ஃபார்மலின் இறங்குவதற்குள் நடுப்பகுதி கெட்டுவிடும். உறையவைக்கக் கூடாது. முழுக் கட்டியை அகற்றியிருந்தால் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் தலை என்று தையல் நூலால் அடையாளம் போட்டு அனுப்புங்கள். ஓரத்தில் மிச்சம் இருக்கிறது என்று அறிக்கை வந்தால் எந்த ஓரம் என்று அப்போதுதான் தெரியும்.

ஊசி உறிஞ்சல் கண்ணாடிச் சில்லுகளை ஃபார்மலின் புட்டியோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். மூடி இறுக்கமாக இருந்தாலும் ஆவி கசிந்து அணுக்களின் சாயம் பிடிக்கும் தன்மையைக் கெடுத்துவிடும். நல்ல மாதிரிகள் இப்படி வீணாவது வருத்தமான விஷயம்.

அப்புறம் அந்தப் படிவம். "கட்டி, பயாப்ஸி" என்று இரண்டே சொல்லில் எழுதி அனுப்பினால் நோய்க்குறியியல் நிபுணர் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். வயது, பால், நிறம், இடம், வளர்ந்த வேகம், எக்ஸ்ரேயில் தெரிந்தது, கொடுத்த மருந்து எல்லாம் வேண்டும். எலும்புக் கட்டிகளில் எக்ஸ்ரே படம் இல்லாமல் திசுவை மட்டும் பார்த்துப் பெயர் சொல்வது பல நேரம் நடக்காத காரியம்.

"இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி தேவை" என்று அறிக்கையில் இருக்கிறது. அவசியமா?

அரிய கட்டியில் பெரும்பாலும் அவசியம். சாதாரணச் சாயத்தில் பல கட்டிகள் ஒரே மாதிரி தெரியும். அணு எந்த வம்சம் என்று கண்டுபிடிக்க, அதில் உள்ள குறிப்பிட்ட புரதங்களைத் தேடி ஒட்டும் எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். சிடி3 ஒட்டினால் டி லிம்போசைட் (லிம்போசைட் என்பது ஒரு வகை வெள்ளையணு), சிடி20 அல்லது பாக்ஸ்5 ஒட்டினால் பி லிம்போசைட். சைட்டோகெரட்டின் என்றால் எபிதீலியம், அதாவது மேற்பரப்பை மூடும் திசு. சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் என்றால் நரம்பு-நாளமில்லாச் சுரப்பி வகை. நிறமியே இல்லாத மெலனோமாவுக்குப் பிஎன்எல்2.

ஒரு எச்சரிக்கை: மனிதருக்காகச் செய்த எதிர்ப்பொருள்கள் எல்லாம் குதிரைத் திசுவில் ஒட்டுவதில்லை. குதிரையில் சரிபார்த்த எதிர்ப்பொருள்களை வைத்திருக்கும் ஆய்வகமா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். லிம்போமாவில் இந்த வகைப்பாடு வெறும் பெயருக்கு இல்லை. குதிரையில் அதிகம் பார்க்கும் வகையில் டி அணுக்கள் கூட்டமாக நிறைந்திருக்க, நடுவே சிதறிக் கிடக்கும் பெரிய பி அணுக்கள்தான் புற்றணுக்கள். அதைக் கவனிக்காவிட்டால் "அழற்சி" என்று தவறாக முடிந்துவிடும்.

ஒரு மூக்குத்துளையில் மட்டும் ரத்தம் அல்லது நாற்றமான சளி. எந்த ஸ்கேன் எடுக்கலாம்?

எண்டோஸ்கோப்பில் தொடங்குங்கள். பச்சையும் மஞ்சளும் கலந்த மினுமினுப்பான பிண்டம் எத்மாய்டு பகுதியில் (மூக்கின் ஆழத்தில் உள்ள எலும்புப் பகுதி) தெரிந்தால் பெரும்பாலும் அது எத்மாய்டு ரத்தக்கட்டு. பார்க்கப் பயமாக இருந்தாலும் புற்றுநோய் இல்லை. சைனஸ் அறைக்குள் என்ன இருக்கிறது, எலும்பு கரைந்திருக்கிறதா, மூளைப் பக்கம் போயிருக்கிறதா என்பதற்கு சி.டி.க்கு நிகர் இல்லை. பல இடங்களில் முழு மயக்கம் கொடுக்காமல், லேசான மயக்க ஊசியோடு நிற்கவைத்தே தலையை எடுக்கிறார்கள்.

கண் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தால், கண்ணுக்குப் பின்னால் உள்ள கட்டிக்கு அல்ட்ராசவுண்டை முதலில் வைத்துப் பார்க்கலாம். எல்லை அறிய இங்கும் சி.டி.தான்.

நாள்பட்ட இருமல், கூடவே நான்கு காலும் தடிக்கிறது. இரண்டும் சம்பந்தப்பட்டதா?

சம்பந்தப்பட்டிருக்கலாம். குதிரையின் நுரையீரலிலேயே தோன்றும் கட்டிகளில் அதிகம் காணப்படுவது கிரானுலர் செல் கட்டி. பெரும்பாலும் பெட்டைகளில் வரும். மூச்சுக்குழாய்க்குள் பிதுங்கி நிற்பதால் எண்டோஸ்கோப்பில் நேரடியாகக் கண்ணில் படும். ஆஸ்துமா என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பது இதில் சகஜம். மார்புக்குள் இப்படி ஒரு பிண்டம் இருக்கும்போது கால் எலும்புகளைச் சுற்றிப் புதிய எலும்பு படிவது ஒரு தனி நோய்க்குறி. மூட்டுகளை விட்டுவிட்டு, இரு பக்கமும் சமச்சீராக எலும்பு தடித்திருந்தால் மார்பை எக்ஸ்ரே எடுக்காமல் விடாதீர்கள். நல்ல செய்தி என்னவென்றால், இந்தக் கட்டி வேறு இடங்களுக்குப் பரவுவது அபூர்வம்.

பெட்டை குதிரை ஆண் குதிரையைப் போல நடந்துகொள்கிறது. இதற்குமா கட்டி காரணம்?

ஆம், சூலகத்தின் கிரானுலோசா செல் கட்டி. சூலகக் கட்டிகளில் இதுதான் முதலிடம், எனவே அரிது என்று சொல்ல மனம் வரவில்லை. ஒரு பக்கச் சூலகம் தேன்கூடு போல அறைகளோடு பெருத்தும், மறுபக்கம் சுருங்கி ஓய்ந்தும் இருக்கும். டெஸ்டோஸ்டிரோன் ஏறுவது சுமார் பாதிப் பேரில்தான். அது இயல்பாக இருந்தது என்று நிம்மதி அடைய வேண்டாம். ஆன்டி-முல்லேரியன் ஹார்மோன் சோதனை இவற்றில் மிகவும் நம்பகமானது. சுழற்சியின் எந்த நாளிலும், சினையாக இருக்கும்போதும் எடுக்கலாம். மறுபக்கச் சூலகம் நன்றாக வேலை செய்து, பெட்டை ஒழுங்காகப் பருவத்துக்கு வந்தால் சூலக ரத்தக்கட்டாக இருக்கலாம். சில வாரம் கழித்து மறுபடி அல்ட்ராசவுண்ட் பாருங்கள்.

பக்கத்தில் ஒரு விநோதம்: சில பெட்டைகளில் தோலடி லிம்போமா முடிச்சுகள் பருவச் சுழற்சிக்கும் சினைக்கும் ஏற்பப் பெருத்தும் சுருங்கியும் விளையாடும். அந்த அணுக்களில் புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள் இருப்பதுதான் காரணம்.

குட்டிகளுக்கும் இளம் குதிரைகளுக்கும் வருமா?

வரும். ஒரு வயதுக்குள் கீழ்த்தாடையின் முன்பகுதி எலும்பு உப்பினால் எலும்பாக்கும் ஃபைப்ரோமாவை நினைக்கலாம். எக்ஸ்ரேயும் பயாப்ஸியும் சேர்ந்து சொல்லும். இளம் குதிரையில் ரத்தச் சிவப்பணு காரணமின்றி மிக அதிகமாக இருந்து கல்லீரலும் பெருத்திருந்தால் ஹெபடோபிளாஸ்டோமா என்ற அரிய கல்லீரல் கட்டி ஒரு சாத்தியம். லிம்போமா எந்த வயதிலும் வரும். வயது குறைவு என்பதை வைத்து அதை ஒதுக்கக் கூடாது.

குளம்பில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சீழ் வைக்கிறதே?

கெரட்டோமாவாக இருக்கலாம். குளம்புச் சுவருக்கும் உள் எலும்புக்கும் நடுவே வளரும் கொம்புப் பொருள் கட்டி அது. அடியில் பார்த்தால் வெள்ளைக்கோடு உள்நோக்கி வளைந்திருக்கும். எக்ஸ்ரேயில் குளம்பெலும்பின் விளிம்பில் வழவழப்பான அரைவட்டப் பள்ளம் தெரியும். விளிம்பு கரடுமுரடாக இருந்தால் தொற்றோ வேறு கட்டியோ என்று சந்தேகிக்க வேண்டும்.

திடீரென வியர்த்து நடுங்குகிறது, இதயம் படபடக்கிறது. சற்று நேரத்தில் சரியாகிவிடுகிறது. இதுவும் கட்டியா?

முதலில் வயிற்றுவலியையும் தசை நோயையும் பாருங்கள். அவை இல்லாமல் இதே மாதிரி வந்து வந்து போனால் அட்ரினல் சுரப்பியின் ஃபியோகுரோமோசைட்டோமாவும் ஒரு சாத்தியம். உயிரோடு இருக்கும்போது இதை உறுதி செய்வது மிகக் கடினம். அந்தக் கட்டி வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டி இறந்த பின்தான் பல குதிரைகளில் தெரியவருகிறது.

குடல் சுவரில் கட்டி என்று சந்தேகம். வயிற்றைத் திறக்காமல் அறிய முடியுமா?

ஓரளவு முடியும். அல்ட்ராசவுண்டில் குடல் சுவர் தடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். குளுக்கோஸ் உறிஞ்சல் சோதனையில் கிலோ எடைக்கு 1 கிராம் குளுக்கோஸைக் குழாய் வழியாகக் கொடுத்து, 2 மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை தொடக்க அளவைவிட 85 சதவீதத்துக்கு மேல் ஏறுகிறதா என்று அளப்பார்கள். ஏறவில்லை என்றால் சிறுகுடல் சுவரில் ஏதோ படிந்திருக்கலாம். அது லிம்போமாவாகவும் இருக்கலாம், அழற்சிக் குடல் நோயாகவும் இருக்கலாம். நீண்ட எண்டோஸ்கோப் வழியே சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்திலிருந்தும், மலக்குடலிலிருந்தும் எளிதாகத் துண்டு எடுக்கலாம். ஆனால் அவை சிறியவை, மேலோட்டமானவை. அவற்றில் ஒன்றும் இல்லை என்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்று பொருள் அல்ல. வயிற்று நீரில் புற்றணுக்கள் தெரியாமல் போவதும் அப்படித்தான்; பல கட்டிகள் அணுக்களை உதிர்ப்பதே இல்லை.

செலவைக் குறைக்க முதலில் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாமா?

மாதிரி எடுக்கும் முன் வேண்டாம். லிம்போமாவும் மாஸ்ட் செல் கட்டியும் ஸ்டீராய்டுக்குச் சுருங்கும். குதிரையும் தெளிவாக இருக்கும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். சில வாரத்தில் அது திரும்பும்போது எடுக்கும் துண்டில் அணுக்கள் உருமாறி, அடையாளம் மங்கியிருக்கும். ஊசி உறிஞ்சல் ஒன்றுக்காவது ஒரு நாள் காத்திருங்கள், மருந்தை அப்புறம் தொடங்கலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டால் தேதியையும் அளவையும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

அறிக்கையில் "வகைப்படுத்த முடியாத புற்று" என்று வந்திருக்கிறது. இனி என்ன?

ஆய்வகத்தைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். நிபுணர் மனதில் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும், எழுத்தில் போடத் தயங்கியிருப்பார். கூடுதல் சாயம் போட மெழுகுக் கட்டையில் திசு மிச்சம் இருக்கிறதா, இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேட்கலாமா, புதிதாக மாதிரி வேண்டுமா என்று கேளுங்கள். மறு பயாப்ஸி பல நேரம் முதலில் எடுத்ததைவிடப் பயன் தருகிறது, ஏனென்றால் எங்கே எடுக்க வேண்டும் என்று இப்போது தெரியும். அதே வேளையில் பக்கத்து நிணநீர்க்கணுவில் ஊசி வைத்து, மார்பையும் வயிற்றையும் பார்த்துவிடுங்கள். சரியான பெயர் கிடைக்காவிட்டாலும், பரவியிருக்கிறதா இல்லையா என்பது தெரிந்தால் குதிரைக்கு என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கலாம்.

குதிரை இறந்துவிட்டது. இனி பிரேதப் பரிசோதனை எதற்கு?

உயிரோடு இருக்கும்போது கிடைக்காத பதில் அப்போதுதான் கிடைக்கும். கட்டி எந்த உறுப்பில் தொடங்கியது, அல்ட்ராசவுண்டில் பார்த்த நிழல் உண்மையில் என்ன என்பதெல்லாம் தெரியும். அதே லாயத்தில் மற்றக் குதிரைகள் இருந்தால், இது தொற்று இல்லை என்று உறுதியாவதே பெரிய நிம்மதி. தாமதிக்காமல் சில மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். பெரிய உடல், உள்ளே சூடு அடங்க நேரமாகும், குடல் சீக்கிரம் அழுகும். முழுப் பரிசோதனைக்கு வசதி இல்லை என்றால், கட்டி, கல்லீரல், மண்ணீரல், நுரையீரல், சிறுநீரகம், நிணநீர்க்கணு ஆகியவற்றிலிருந்து ஒவ்வொரு துண்டாவது ஃபார்மலினில் போட்டுவைக்கச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.